இரண்டாவது பெடல்

எனக்கு வண்டி என்றாலே பயம், ஐயா.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். என் மனைவிக்கும் வரும். பஸ்ஸில் போகும்போது என் வலது கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். குறுக்கே யாராவது வந்தால் கட்டைவிரல் செருப்புக்குள் சுருண்டுகொள்ளும். "இந்த பஸ்ஸை டிரைவரா நிறுத்துறாரு? நீங்கதானே நிறுத்துறீங்க. இறங்கும்போது டிக்கெட் காசைத் திருப்பிக் கேளுங்க" என்பாள்.

அப்படிப்பட்டவன் எதற்காக டிரைவிங் ஸ்கூல் நடத்த வந்தான் என்று கேட்பீர்கள். பயத்தினால்தான் வந்தேன். ஓடுகிற வண்டியில் நான் நிம்மதியாக உட்காரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது கற்றுக்கொடுப்பவரின் இருக்கை. அங்கே காலடியில் இன்னொரு பிரேக் பெடல் இருக்கும். ஒரு கம்பியால் அதை ஓட்டுபவரின் பெடலோடு சேர்த்திருப்பார்கள். மாணவர் தடுமாறினால் என் பெடலை மிதிப்பேன். அவருடைய பெடலும் சேர்ந்து இறங்கும். வண்டி நிற்கும். யார் ஓட்டினாலும் நிறுத்துவது நான்தான். அந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கை நடுங்காது, குரல் பிசிறாது.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது ஒரு தவறைத் திருத்த. தண்ணீர்த்தொட்டி இறக்கத்தில் நடந்த விபத்துக்குத் தன் தவறுதான் காரணம் என்று அந்த அம்மா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சொல்லியிருக்கிறார். அதை நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது தவறு. அவர் என் மாணவி. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இதை மட்டும் முதலில் எழுதுங்கள்.

என்னைச் சாக்பீஸ் சார் என்று கூப்பிடுவார்கள். டேஷ்போர்டில் ஒரு பாட்டில் மூடியை ஒட்டி, அதற்குள் முழு சாக்பீஸ் ஒன்றை நிற்கவைப்பேன். திருப்பத்திலோ பள்ளத்திலோ அது விழுந்தால் பரவாயில்லை, எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிரேக் போடும்போது மட்டும் விழக்கூடாது. விழுந்தால் அன்றைய பாடம் மறுபடி முதலிலிருந்து. பிரேக்கை மிதிக்கக் கூடாது, அழுத்த வேண்டும் என்பது என் பாடம். தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதுபோல வண்டி நிற்க வேண்டும். என்னிடம் படித்தவர்கள் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பாருங்கள், தூக்கம் வரும்.

என் பழைய வண்டி ஓய்ந்துபோனதும் இன்னொன்று தேவைப்பட்டது. புதிது வாங்க வசதியில்லை. கேரண்டி அண்ணனிடம் போனேன். பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர். எதற்கெடுத்தாலும் கேரண்டி என்பார். மழை வருமா என்று கேட்டால் "வராது, கேரண்டி" என்பார், நனைந்துகொண்டே. அவருடைய இடத்தில் வண்டிகள் குளித்து முடித்த பிள்ளைகள்போல வரிசையாக நிற்கும். டயருக்கெல்லாம் கறுப்புப் பாலிஷ். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பார், அதுவே பழைய உறைதான் என்று ஊருக்கே தெரியும்.

எனக்கு ஒரு சின்ன வெள்ளை வண்டியைக் காட்டினார். அவரே ஓட்டிக் காட்டினார். தெருவின் கடைசிவரை போய், திரும்பி வேகமாக வந்து, என் முழங்காலுக்கு முன்னால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது.

"பாத்தீங்களா சார், ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. கேரண்டி."

அவர் அப்படித்தான் பிரேக் போடுவார். அவருடைய மெக்கானிக்கும் அப்படித்தான். அங்கே வேலை பார்க்கிற எல்லோருமே வண்டியைக் கட்டெறும்பை மிதிப்பதுபோல நிறுத்துகிறவர்கள். அதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். வாங்கிவிட்டேன். வெளியே ஒரு பட்டறையில் இரண்டாவது பெடலையும் பொருத்திக்கொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அன்று ஓட்டுபவரின் இருக்கையில் நான். தண்ணீர்த்தொட்டி இறக்கம் உங்களுக்குத் தெரியும். நீளமான இறக்கம். கீழே பெரிய சாலை குறுக்கே போகும், லாரிகள் அங்கே வேகம் குறைப்பதில்லை. நான் என் வழக்கப்படி மேலிருந்தே பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டு இறங்கினேன். பாதி தூரம்வரை எல்லாம் சரி. அப்புறம் பெடல் என் காலுக்குக் கீழே இறங்க ஆரம்பித்தது. ஈரச் சேற்றில் கால் புதைவதுபோல, அவசரமே இல்லாமல் இறங்கியது. நான் அழுத்த அழுத்த அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

சத்தம் எதுவும் இல்லை, ஐயா. அதுதான் எனக்கு இன்றுவரை கனவில் வருகிறது. ஏதாவது உடைந்தால், கிறீச்சிட்டால், மனிதன் கத்துவான். இது அப்படியில்லை. பின்சீட்டில் மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மனைவி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தக் கோட்டைத் தாண்டி வண்டியின் மூக்கு பெரிய சாலைக்குள் நுழைந்தபோது, பயத்தில் காலை உதறித் தூக்கி ஓங்கி மிதித்தேன். உடனே பிடித்துக்கொண்டது. ஒரு லாரியின் பக்கவாட்டுப் பலகை எங்கள் கண்ணாடியை உரசுகிற மாதிரிப் போனது. அதிலிருந்த ஒவ்வொரு ஆணியையும் நான் பார்த்தேன்.

மனைவி பழத்தை மடியிலிருந்து எடுத்து வைத்தாள். கதவைத் திறந்து, பின்கதவையும் திறந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு இருவரும் அந்த வண்டியில் ஏறவே இல்லை. அப்பா ஓட்டினால் வேறு வண்டியிலும் ஏறமாட்டேன் என்றாள் மகள். இருபத்துநான்கு மணிநேரமும் பிரேக்கைப் பற்றியே பேசுகிற அப்பா.

மறுநாள் கேரண்டி அண்ணனிடம் போனேன். கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் ஏறி, தெருக்கோடிவரை போய் வந்து, ஓங்கி மிதித்தான். நின்றது. அண்ணனும் ஏறினார். ஓங்கி மிதித்தார். நின்றது.

"மெதுவா அழுத்திப் பாருங்க" என்றேன்.

"பிரேக்கை எதுக்கு சார் மெதுவா அழுத்தணும்? அது என்ன காலிங் பெல்லா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இல்ல, இறக்கத்துல மெதுவா அழுத்திட்டே வந்தா..."

"சார், வண்டியில ஒரு கோளாறும் இல்ல. கோளாறு உங்க கால்ல இருக்கு. சாக்பீஸை வெச்சு வண்டியைத் தாலாட்டுறீங்க. வண்டி என்ன பண்ணும், அதுவும் தூங்குது."

மறுபடி சிரிப்பு. மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"திருப்பி எடுத்துக்குங்க அண்ணே" என்றேன்.

"எப்படி எடுக்கிறது? நீங்க இன்னொரு பெடலை மாட்டி வெச்சிருக்கீங்க. அதுல ஏதாவது இழுத்துக்கிட்டு இருக்கும். அப்படியே இருந்தாலும் சொல்றேன் கேளுங்க, இந்த வண்டியில என் வீட்டம்மாவையே தனியா அனுப்புவேன். கேரண்டி."

நானும் சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் எல்லோரும் சிரிப்பதால் நானும் சிரித்துவிட்டு, அதே வண்டியில், ஓங்கி மிதித்து மிதித்து வீட்டுக்கு வந்தேன்.

பட்டறைக்காரரிடம் கேட்டீர்களாமே. அவர் சொன்னது உண்மை. அடுத்த நாள் அவரிடம்தான் காட்டினேன். ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை, பெடலை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்தார். "மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் தேஞ்சிருக்கு சார். ஓங்கி மிதிச்சா பிடிக்கும். மெதுவா அழுத்தினா ஆயில் பின்னால நழுவிடும். காலையில விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பது நியாயம். யோசித்துப் பாருங்கள், ஐயா. சரிசெய்துவிட்டால் அந்த வண்டியில் கோளாறு இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? என் பேச்சு ஒன்றுதான். அதை நாலு பேர் முன்னால் சிரித்துத் தள்ளிவிட்டார்களே. கோளாறு இருக்கும்வரைக்கும் நான் சொன்னது உண்மை. அதை எடுத்துவிட்டால் நான் கால் சரியில்லாத ஒரு பயந்தாங்கொள்ளி. எனக்குக் கேரண்டி அண்ணனிடமிருந்து பெரிதாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. 'நீங்க சொன்னது சரிதான் சார்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

ஆனால் மற்ற மாணவர்களை நான் ஆபத்தில் விடவில்லை. பிழைப்பு நடக்க வேண்டுமே, பாடம் அந்த வண்டியில்தான் நடந்தது. ஆனால் சாக்பீஸை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன். "நல்லா ஓங்கி மிதிங்க, பயப்படாதீங்க" என்று எல்லோருக்கும் சொன்னேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு ஒருநாள் அந்த அம்மா வந்தார்.

என் ஸ்கூல் ஒரே அறை. ஒரு மேசை, சாலை விதிகள் எழுதிய ஒரு பலகை, சக்கரம் வைத்த நாற்காலி. வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு குஷன்.

"சார், அவர்தான் அனுப்பினாரு. கேரண்டி அண்ணன். நான் அவர் வீட்டம்மா."

நான் எழுந்து நின்றேன்.

"அவரே சொல்லிக்கொடுத்தாரு சார், கொஞ்ச நாள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கத்துவாரு. நான் காதைப் பொத்துவேன். காதைப் பொத்தினா ஸ்டியரிங்கை யாரு பிடிக்கிறது? 'போ, அந்த சாக்பீஸ் சார்கிட்ட போ, அவர் தாலாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுப்பாரு'ன்னுட்டாரு." குஷனைக் காட்டினார். "நான் கொஞ்சம் குள்ளம். இதைப் போட்டாத்தான் ரோடு தெரியும்."

எனக்குப் பிடித்துப்போயிற்று. உண்மையாகச் சொல்கிறேன். பயந்தவர்களை எனக்குப் பிடிக்கும். தன் அக்கா தண்ணீர்த்தொட்டிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள், உடம்பு முடியாதவள், ஒவ்வொரு தடவையும் கணவரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க முடியவில்லை, அதற்காகத்தான் கற்றுக்கொள்கிறேன் என்றார். ஓட்டும்போது வண்டியோடு பேசுவார். "போடா ராஜா, போ. அந்த ஆட்டோ கிடக்கிறான், நீ உன் வழியில போ." எதிரே வருகிறவர்களை வாய்க்குள்ளேயே திட்டுவார். திட்டிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்பார்.

முதல் நாளே நான் மேசை டிராயரைத் திறந்து சாக்பீஸை எடுத்தேன்.

ஆமாம். நீங்கள் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். மற்ற மாணவர்கள் எல்லோரும், 'எங்களுக்குச் சாக்பீஸே கிடையாது, ஓங்கித்தான் மிதிக்கச் சொன்னார்' என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா ஒருவர்தான், 'மெதுவாக அழுத்தச் சொன்னார்' என்கிறார். இரண்டு தரப்புமே பொய் சொல்லவில்லை.

அவருக்கு மட்டும் என் உண்மையான பாடத்தைக் கற்றுக்கொடுத்தேன். ஒருவருக்காவது சரியாகச் சொல்லித்தர வேண்டும் என்று இருந்தது. அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இறக்கத்துக்கு முதன்முதலாகக் கூட்டிப்போன நாளில் அவருடைய தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. "அழுத்துங்க. மிதிக்காதீங்க. அழுத்திக்கிட்டே வாங்க" என்றேன். அழுத்தினார். சாக்பீஸ் அசையவில்லை. பாதி இறக்கத்தில் என் காலடியில் இருந்த பெடலும் தானாகத் தாழ ஆரம்பித்தது. இரண்டும் ஒரே கம்பிதானே. எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, பிரேக் என்றால் இப்படித்தான் இறங்கும்போல என்று நினைத்திருப்பார். கோட்டுக்கு முன்னால் நான் என் பெடலைச் சட்டென்று ஓங்கி ஒரு வெட்டு வெட்டி, உடனே தளர்த்தினேன். பிடித்துக்கொண்டது. வண்டி நின்றது. சாக்பீஸ் லேசாக ஆடி, மூடிக்குள்ளேயே நின்றது. அந்த வெட்டை அப்படிப் போட எனக்குத்தான் தெரியும்.

"நின்னுடுச்சு சார்" என்றார், மூச்சுக்குள்.

"நீங்கதான் நிறுத்தினீங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் அந்த இறக்கம். தினமும் அவர் அழுத்துவார், நான் வெட்டுவேன். அவருடைய கால் என்ன செய்தது, என் கால் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. தோள் மெல்ல மெல்ல இறங்கியது. ராஜாவோடு பேசிக்கொண்டே இறக்கத்தில் வர ஆரம்பித்தார். ஒருநாள், "சார், பெடல் ரொம்பக் கீழ போகுதே, ரெண்டு தடவை மிதிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். நல்ல மாணவி, கவனித்துவிட்டார். "அது பயந்தவங்க வேலை. நீங்க பயப்படற ஆளா?" என்றேன். சிரித்தார். ஹேண்ட் பிரேக்கைப் பற்றிக் கேட்டபோது, அது வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது போடுவது என்றேன். அதுவும் பொய்யில்லை.

லைசென்ஸ் பரீட்சை சமதரை மைதானத்தில். முதல் தடவையிலேயே தேறிவிட்டார்.

அதற்கடுத்த வாரம் கேரண்டி அண்ணன் என் அறைக்கு வந்தார். அவர் வாசல் ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, அது பின்னால் நழுவ, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், நாற்காலிக்கும் பிரேக் இல்லையா?" என்றார். பிறகு, "உங்க சிஷ்யைக்கு அந்த வெள்ளை வண்டிதான் வேணுமாம். கடையில இத்தனை வண்டி நிக்குது, எதுலயும் ஏறமாட்டேங்கிறா. 'ராஜாதான் என் பேச்சைக் கேப்பான்'ங்கிறா. எனக்கே ராஜா யாருன்னு முதல்ல திக்குன்னு இருந்துச்சு. குடுத்துடுங்க சார், நான் உங்களுக்கு வேற நல்ல வண்டி தரேன். கேரண்டி."

நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகத்தான் காத்திருந்தேன், ஐயா. கோளாறு தெரிந்தேதான் என் தலையில் கட்டினார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தெரிந்தவராக இருந்தால் தன் மனைவிக்கு அந்த வண்டியைக் கேட்கமாட்டார். கண்ணில் ஒரு சின்னத் தயக்கமாவது இருக்கும். அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டால் போதும், நான் ஜெயித்தேன், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

தயக்கம் இல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. ஓங்கி மிதிக்கிறவர்களுக்கு அந்தப் பெடல் தன் குணத்தைக் காட்டியதே இல்லை.

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். "அன்னைக்குக் கடையில நாலு பேர் முன்னாடி உங்களைக் கிண்டல் பண்ணிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. அவளை இவ்வளவு தைரியமா மாத்திட்டீங்க. நீங்க சொன்னா அதுல விஷயம் இருக்கும் சார். வேணும்னா மெக்கானிக்கை விட்டு இன்னொரு தடவை நல்லாப் பாத்துக்கச் சொல்றேன்."

நான் கேட்ட வார்த்தை அதுதான். ஏறக்குறைய அதேதான். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிட்டது.

அந்த நிமிடம் நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். ஆனால் என்ன சொல்வது? கோளாறு இருக்கிறது என்றால், தெரிந்தே என் மனைவியைத் தினமும் அந்த இறக்கத்தில் இறக்கினாயா என்று கேட்பாரே. அந்த அம்மாவின் காலுக்குப் பதிலாக என் கால்தான் நிறுத்தியது என்றால், அப்போது அவள் கற்றுக்கொண்டதெல்லாம் என்ன என்று கேட்பாரே. நாளைக்கு ஊரே கேட்கும். அவருடைய சிரிப்புக்குப் பயந்த காலம் போய், அவர் சிரிக்காமல் பார்த்தால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது.

"எதுக்குப் பாக்கணும்? இப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

இரண்டாவது பெடலை நானே கழற்றினேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து, கம்பியை உருவி, பெடலை ஒரு பழைய துணியில் சுற்றி மேசைக்கடியில் வைத்தேன். அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அதற்கு மேல் விரிப்பைப் போட்டு மூடினேன்.

அன்று சாயங்காலம் இருவரும் வண்டியை எடுக்க வந்தார்கள். அந்த அம்மா குஷனைப் போட்டு உட்கார்ந்தார். மூடிக்குள் சாக்பீஸை நிற்கவைத்தார். கேரண்டி அண்ணன் என் இருக்கையில் ஏறினார். ஆமாம், என் இருக்கைதான்.

"முதல் ரவுண்டு நீங்களும் வாங்க சார், பின்னாடி உக்காருங்க" என்றார் அந்த அம்மா.

"பின்னாடி எனக்குப் பெடல் இல்லையேம்மா" என்றேன். மூவரும் சிரித்தோம்.

"அக்கா வீட்டுக்குத்தான் போறோம். எப்படிப் போகட்டும் சார்? மார்க்கெட்டைச் சுத்தியா, இறக்கம் வழியாவா?"

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று இதுதான். அந்த அம்மாவும் சொல்லியிருக்கமாட்டார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்திருப்பார், அல்லது அது ஒரு விஷயமாகவே அவருக்குத் தோன்றியிருக்காது. மார்க்கெட் வழி முழுக்கச் சமதரை. நிறுத்தி நிறுத்தித்தான் போக வேண்டும். அந்தக் காலுக்கு அந்தப் பிரேக் அங்கே போதும். எத்தனை வருடம் வேண்டுமானாலும் போதும்.

"இறக்கம் வழியாப் போங்க" என்றேன். "உங்களுக்குப் பழகின வழி."

அவர் தலையாட்டினார். "போடா ராஜா" என்றார். வண்டி தூக்கத்தில் புரளுகிற குழந்தைபோல நகர்ந்தது. அவ்வளவு அழகாகக் கிளம்பினார். தெருமுனையில் பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது. திரும்பிவிட்டார்கள்.

இறக்கத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த அம்மா சொன்னதாக நீங்கள் படித்துக் காட்டியது போதும். கணவர் கடைசிவரை சாக்பீஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறார். 'அசையவே இல்லையே' என்று சொல்லிக்கொண்டிருந்தாராம், அவர் பக்கத்திலிருந்து லாரி வரும்வரை. 'சார் சொன்ன மாதிரி அழுத்திக்கிட்டேதான் இருந்தேன், நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன், சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்க' என்கிறார். என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். கிளம்பினேன், ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போகிற தெருவும் இங்கே வருகிற தெருவும் ஒரே இடத்தில்தான் பிரிகின்றன. அங்கே கொஞ்சநேரம் நின்றேன். இந்தப் பக்கம் திரும்புவதற்குத்தான் பயம் குறைவாக இருந்தது.

கொலை என்ற சொல்லை நீங்கள் இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. கோளாறு எனக்குத் தெரியும். கால் எப்படி அழுத்தும் என்று தெரியும், அப்படி அழுத்த வைத்தவனே நான்தான். வழியைச் சொன்னதும் நான். கேரண்டி அண்ணனைச் சாகடித்தது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் செய்யாமல் நின்று வேடிக்கை பார்த்தவன் என்று என்னை எழுதிவிடாதீர்கள். தெருமுனையில் அந்த விளக்கு மறைந்ததும் நான் அறைக்குள் போய் மேசை முன்னால் உட்கார்ந்தேன். மேசைக்கடியில், துணியைப் பிரிக்காமலே, அந்தப் பெடலின் மேல் வலது காலை வைத்தேன். அவர்கள் இப்போது தொட்டியைத் தாண்டியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு அழுத்தினேன். பாதி இறக்கம் வந்திருப்பார்கள் என்று தோன்றியபோது ஓங்கி மிதித்தேன். மிதித்துக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட பிறகும்கூட நான் காலை எடுக்கவில்லை, ஐயா.